தெரிந்தே வந்த வேகப்பந்து

ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளையும் விடுதிகளின் விரிப்புகளையும் வெளுத்து, இஸ்திரி போட்டு அனுப்பும் பெரிய சலவை ஆலை அது. அங்கே இஸ்திரிக் கூடத்தில் வேலை பார்க்கும் ஒருத்திக்கு ரயிலு என்று பட்டப்பெயர் விழுந்து வெகுகாலம் ஆகிறது. பேச்சுக்காக வந்த பெயர் அல்ல. பேச்சில் அவள் கட்டை வண்டி. ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடிப்பதற்குள் கேட்பவர் ஒரு தம்ளர் டீ குடித்துவிடலாம். அவள் கையிலிருந்து கிளம்பும் பந்துக்காக வந்த பெயர்.

சாஃப்ட்பால் ஆட்டத்தில் பந்தைத் தோளுக்கு மேலே தூக்கி எறியக் கூடாது. கையை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி, இடுப்பருகே கீழிருந்து விட வேண்டும். பார்ப்பதற்குக் கிணற்று ராட்டினம் மாதிரி வேடிக்கையாக இருக்கும். எதிரே மட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கு வேடிக்கையாக இருக்காது. பந்து கையை விட்டதும் கண்ணை ஒரு தடவை கொட்டினால் அது பின்னால் குந்தியிருக்கும் கேட்சரின் கையுறைக்குள் போய்விட்டிருக்கும். அடித்துவிட்டவர் பேஸ் என்கிற மூன்று மூலைகளையும் ஓடித் தொட்டுத் திரும்பினால் ஒரு ரன்.

ஆலை அணிக்குப் பந்து போடும் பிட்சர் ரயிலு. பந்தை வாங்கும் கேட்சர் அவளுடைய நாத்தனார், கணவனின் தங்கை. இருவருக்கும் ஒரே கூடத்தில், ஒரே இஸ்திரி உருளையில் வேலை. நாத்தனார் தள்ளுவண்டியிலிருந்து விரிப்பை இழுத்து, கையால் தடவிப் பார்ப்பாள். ரயிலு மிதிகட்டையில் கால் வைத்து, உருளையின் வேகத்தைக் கூட்டிக் குறைத்து, விரிப்பை உள்ளே விடுவாள். அந்தக் கூடத்தின் இரைச்சலில் காது கிழிந்துவிடும். கத்தினாலும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. அதனால் எல்லாம் கைச்சாடைதான். நாத்தனார் விரித்த உள்ளங்கையைக் காட்டினால் துணி காய்ந்திருக்கிறது, வேகமாக விடலாம். மூடிய கையைக் காட்டினால் ஈரம், மெதுவாகப் போ. விரலைக் கொக்கி போட்டுக் காட்டினால் ஓரம் சுருண்டிருக்கிறது, கீழே இழு.

மைதானத்திலும் அதே சாடைகள்தான். கேட்சர் குந்தி உட்கார்ந்து, தொடைகளுக்கு நடுவே மட்டைக்காரிக்குத் தெரியாமல் கையைக் காட்டுவாள். உள்ளங்கை என்றால் ஸ்பீடு பால். மூடிய கை என்றால் ஸ்லோ. கை அதே வேகத்தில் சுற்றும், பந்து மட்டும் நொண்டிக்கொண்டு வரும். கொக்கி என்றால் முங்குற பந்து, மட்டைக்குக் கிட்டே வந்ததும் கீழே இறங்கும். இவர்கள் உட்கார்ந்து யோசித்து வைத்த ஏற்பாடு அல்ல. வருஷக்கணக்காகக் கை பழகிய பாஷை. மைதானத்துக்கு வந்தபோதும் கூடவே வந்துவிட்டது.

பந்தை வாங்கி வாங்கி நாத்தனாரின் உள்ளங்கை எப்போதும் சிவந்தே கிடக்கும். கையுறைக்குள் ஸ்பாஞ்சு வெட்டி வைத்துக்கொள்வாள்.

"இதுக்குப் போயி மெத்துப் பந்துன்னு பேரு வச்சான் பாரு, அவனைக் கூட்டிட்டு வந்து என் எடத்துல ஒரு நாள் உக்கார வைக்கணும் அண்ணி" என்பாள்.

"உக்கார வை. நான் போடுறேன்" என்பாள் ரயிலு.

இதெல்லாம் ரயிலின் நல்ல காலத்துச் சங்கதி. போன சீசனில் அவள் தோளில் ஒரு பிடிப்பு வந்தது. காலையில் தலைக்கு மேல் கையைத் தூக்கிச் சீவ முடியாது. குழாய் வேலை செய்யும் கணவன் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டே முணுமுணுப்பான்.

"கையி கழண்டு விழுந்தா நான் நூல் சுத்தி மாட்டிவிட மாட்டேன். இது குழாய் இல்ல, சொல்லிட்டேன்."

தோள் பிடித்துக்கொண்டதும் ஸ்பீடு பாலில் கொஞ்சம் சூடு குறைந்தது. கொஞ்சம்தான். ஆனால் போட்டி ஆட்டத்தில் அந்தக் கொஞ்சம்தான் எல்லாம். நேராக வரும் வேகப்பந்துக்கு ஒளிந்துகொள்ள இடம் கிடையாது. வளையாது, முங்காது, ஏமாற்றாது. வேகம் இருக்கிறவரை ராஜா. ஒரு இழை குறைந்தால் தட்டில் வைத்து நீட்டின பலகாரம். சீசனின் கடைசி ஆட்டத்தில் பஸ் டிப்போ அணியின் கண்டக்டரம்மா அந்தப் பலகாரத்தை எடுத்து வேலிக்கு வெளியே, சைக்கிள் கொட்டகையின் தகரக் கூரையில் போட்டாள். தகரம் அலறிய சத்தம் ஆட்டம் முடிந்தும் ரயிலின் காதில் நின்றது.

ஆலையில் பாய்லர் பார்ப்பவர்தான் அணிக்குப் பயிற்சி கொடுப்பவர். பாய்லர் முன்னால் நின்று நின்று முகமும் பேச்சும் சுடும் மனிதர். இந்த சீசன் தொடக்கத்திலேயே அவர் சொல்லிவிட்டார்.

"ஏம்மா, ஸ்பீடு பாலை மறந்துடு. ஸ்லோவும் முங்கலும் போதும். ஸ்பீடை எப்பவாவது சும்மா காட்டு, மட்டைக்கு எட்டாத எடத்துல. டிப்போக்காரங்க மறுபடி உன்னைச் சாத்துனாங்கன்னா அடுத்த சீசன் நீ முதல் பேஸ்ல நில்லு. பந்து போடுற வட்டத்துல தையல் பிரிவுப் பொண்ணு நிக்கும்."

தையல் பிரிவுப் பெண்ணுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. பந்து அவள் கையிலிருந்து வெடித்துக்கொண்டு வரும்; எங்கே போகும் என்பது அவளுக்கும் தெரியாது, ஆண்டவனுக்கும் தெரியாது.

"ஸ்பீடு இல்லாம ஸ்லோ எப்படிண்ணே ஸ்லோ ஆகும்?" என்று கேட்டாள் ரயிலு. "வேகமா வரும்னு பயந்து நிக்கிறவளுக்குத்தானே மெதுவா வர்றது ஏமாத்து? எப்பவுமே மெதுவா வரும்னு தெரிஞ்சா, அவ சாவகாசமா நின்னு அடிக்க மாட்டாளா?"

"சட்டம் பேசாத. சொன்னதைச் செய்."

ரயிலு சட்டம் பேசவில்லை. ஆனால் சோறு இறங்கவில்லை. முதல் பேஸில் நிற்பது ஒன்றும் கேவலமில்லை. வருகிற பந்தைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். ஆனால் ஆலையில் அவள் நாள் முழுக்க அடுத்தவர் அனுப்பும் துணியை வாங்கி உள்ளே விடுகிறவள். அந்த வட்டத்துக்குள் நிற்கும்போது மட்டும்தான் அவள் பந்தை விடும்வரை யாரும் எதுவும் ஆரம்பிக்க முடியாது. அம்பயர், மேனேஜர் பெண்டாட்டி, டிப்போ மேலாளர், எல்லோரும் அவள் கையைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை. அவ்வளவுதான் விஷயம்.

டிப்போவோடு ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஆலைக்குப் பின்புறத்து மைதானத்தில் வெயில் ஏறியிருந்தது. டிப்போ அணியில் இந்த முறை ஒரு பழைய முகம் இருந்தது. சிட்டு. குள்ளம், ஒல்லி, ஓடினால் காலே தரையில் படாது. இரண்டு வருஷம் முன்புவரை இவர்களுடைய உருளையின் மறுமுனையில் நின்று, சூடாக வெளியே வரும் விரிப்பைப் பிடித்து மடித்தவள். டிப்போவில் பஸ் கழுவும் வேலைக்கு ஐந்நூறு கூட என்றதும் போய்விட்டாள். போனதில் யாருக்கும் கோபமில்லை. பார்த்ததும் மூன்று பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

"என்னடி, டிப்போ சோறு ஒட்டவே இல்லையே" என்றாள் நாத்தனார்.

"ஒட்டுனா ஓட முடியாதுக்கா. உங்களை மாதிரி உக்காந்தே ஆடுற ஆட்டமா என்னுது?"

ஆட்டம் ரயிலுக்கு நன்றாகவே போயிற்று. ஸ்லோவும் முங்கலும் மாற்றி மாற்றிப் போட்டாள். ஸ்பீடை, பாய்லர்காரர் சொன்னபடி, எட்டாத தூரத்தில் காட்டிவிட்டு வைத்துக்கொண்டாள். கண்டக்டரம்மா முதல் முறை வந்தபோது மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு உரக்கக் கேட்டாள்:

"என்ன ரயிலு, இன்னைக்கும் லேட்டுதானா? பிளாட்பாரத்துல எவ்வளவு நேரம்தான் நிக்கிறது?"

"டிக்கெட் இருக்கிறவங்க நில்லுங்க, இல்லாதவங்க எறங்கிக்கலாம்" என்றாள் நாத்தனார் குந்தியபடியே. கண்டக்டரம்மா முங்குற பந்துக்கு மட்டையை வீசிக் காற்றை அடித்துவிட்டுப் போனாள்.

மூன்றாவது இன்னிங்ஸில் மட்டும் ஒரு சறுக்கல். சிட்டு இரண்டாவது பேஸில் நின்றபோது, அதுவரை ஒரு பந்தையும் தொடாத ஒருத்தி, ரயிலின் ஸ்லோவை ஏதோ ஆர்டர் கொடுத்து வரவழைத்த மாதிரி நிதானமாகக் காத்திருந்து சாத்தினாள். சிட்டு ஓடி வந்து ஒரு ரன். குருட்டு அதிர்ஷ்டம் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

ஏழாவது இன்னிங்ஸ்தான் கடைசி. ஆலைக்கு இரண்டு ரன், டிப்போவுக்கு ஒன்று. டிப்போவில் இரண்டு பேர் அவுட். இன்னும் ஒருத்தியை அனுப்பிவிட்டால் கையைத் தட்டிவிட்டுப் போகலாம் என்ற நேரத்தில் சிட்டு பந்தை இரண்டு பேருக்கு நடுவே தட்டிவிட்டு, ஒரே ஓட்டத்தில் இரண்டாவது பேஸுக்குப் போய்விட்டாள். அடுத்து மட்டையோடு வந்தது கண்டக்டரம்மா.

நாத்தனார் மூடிய கையைக் காட்டினாள். ரயிலு கையை முழு வேகத்தில் சுற்றி ஸ்லோவை விட்டாள். அந்தப் பந்துக்கு எந்த மட்டைக்காரியும் முன்காலை அவசரமாக எடுத்து வைத்துவிட்டுப் பிறகு தடுமாறுவாள். கண்டக்டரம்மா தடுமாறவில்லை. பஸ் முழுக்க ஏறட்டும் என்று காத்திருக்கிறவள் மாதிரி நின்றாள். பிறகு அடித்தாள். பந்து வேலியைத் தாண்டிப் பறந்தது. கோட்டுக்கு ஒரு முழம் வெளியே விழுந்ததால் ரன் இல்லை. ஸ்ட்ரைக் கணக்கில் ஒன்று ஏறியது; மூன்று ஏறினால் அவுட். 

நாத்தனார் அம்பயரிடம் நேரம் கேட்டுவிட்டு, முகக் கவசத்தைத் தூக்கிக்கொண்டு வட்டத்துக்கு வந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"அண்ணி, நம்ம மோசம் போயிட்டோம். நான் கையி மூடினேன். அந்தச் சிட்டு தொப்பியைத் தொட்டா. இவ அதைப் பார்த்துட்டு நிக்கிறா. மூணாவது இன்னிங்ஸ்லயும் அவதான் அங்க நின்னா."

ரயிலு திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு நேர் பின்னால், இரண்டாவது பேஸில் நிற்பவளுக்குக் கேட்சரின் கை கண்ணாடி மாதிரித் தெரியும். அங்கே நிற்பது வேறு யாராக இருந்தாலும் அந்தக் கைகளுக்கு அர்த்தம் தெரியாது. சிட்டுக்குத் தெரியும். விரிப்பு வேகமாக வருமா, மெதுவாக வருமா என்று மறுமுனையில் நின்று வருஷக்கணக்காக இந்தக் கையைத்தானே பார்த்துக்கொண்டிருந்தாள்!

"நம்ம ரெண்டு பேருக்கும் மண்டையில மூளைக்குப் பதிலா ஸ்டார்ச்தான் இருக்கு" என்றாள் ரயிலு. பிறகு சிட்டுவைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: "ஏண்டி, ஒரே உருளையில நின்னவ செய்யிற வேலையா இது?"

"நீங்க ரெண்டு பேரும் ஊருக்கே தெரியிற மாதிரி கையால பேசுவீங்க, நான் கண்ணை மூடிக்கிட்டு நிக்கணுமாக்கா?" என்று சிட்டு அங்கிருந்தே கேட்டாள்.

அதில் தப்பும் இல்லை. கண்ணால் பார்த்துச் சொல்வதற்கு விதியில் தடை கிடையாது. திருட்டு என்றால் திறந்து போட்டிருந்த வீட்டில் நடந்த திருட்டு.

பாய்லர்காரர் ஓடி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"மாத்திப் போடுங்க. மூடின கைன்னா ஸ்பீடு. விரிச்ச கைன்னா ஸ்லோ. அவ தலைகீழாச் சொல்லுவா, இவ தலைகுப்புற விழுவா. புரிஞ்சுதா?"

இருவருக்கும் புரிந்தது. புரிந்தது தலைக்கு. நாத்தனார் குந்தி உட்கார்ந்து மூடிய கையைக் காட்டினாள்; இனி அது வேகப்பந்து. சிட்டு தொப்பியைத் தொட்டாள். ரயிலு தலையாட்டினாள். கை சுற்றியது. ஆனால் மூடிய கையைப் பார்த்தாலே மிதிகட்டையை மெதுவாக விட்டுப் பழகிய உடம்பு அது. எத்தனை ஆயிரம் விரிப்பு! தலை ஸ்பீடு என்றது, விரல்கள் ஸ்லோவைப் பிடித்தன. பந்து நொண்டிக்கொண்டு போய் நாத்தனாருக்கு முன்னால் மண்ணில் குத்தியது. வேகத்துக்காகக் கையுறையை மேலே தூக்கி வைத்திருந்தவள் அதைக் கோட்டைவிட்டாள். பந்து பின்வலைக்கு உருண்டது. அவள் விழுந்தடித்து எடுத்துத் திரும்புவதற்குள் சிட்டு மூன்றாவது பேஸில் நின்றுகொண்டிருந்தாள். ஒரு ஸ்ட்ரைக், தப்பாகப் போன பந்துக்கு ஒரு பால்.

"மூடின கை ஸ்பீடுன்னு இப்பதானே சொன்னாரு?" நாத்தனார் மறுபடி வட்டத்துக்கு வந்து பல்லைக் கடித்தாள்.

"எனக்குத் தெரியுது. என் கைக்குத் தெரியலை."

"இப்ப என்ன பண்றது? மூணுல, பக்கவாட்டுல நிக்கிறவளுக்கு என் கை தெரியாது. பழைய சாடையே காட்டட்டுமா? ஸ்லோவா, முங்கலா?"

ரயிலு கையுறைக்குள் பந்தைத் திருப்பிக்கொண்டே நின்றாள். ஸ்லோ மண்ணில் குத்தலாம். முங்கல் கட்டாயம் கீழேதான் இறங்கும். இன்னொரு பந்து நாத்தனாரைத் தாண்டிப் போனால் சிட்டு ஓடி வந்து ரன் எடுத்துவிடுவாள், ஆட்டம் சமன். குழம்பிப்போன கையை நம்பி அந்தப் பந்துகளைப் போட முடியாது. குழப்பமே இல்லாமல் அவள் கை அறிந்தது ஒன்றே ஒன்றுதான். முதல் முதலாக மைதானத்தில் கற்றுக்கொண்டது, பட்டப்பெயர் வாங்கிக்கொடுத்தது, சீசன் முழுக்கப் பூட்டி வைக்கச் சொன்னது.

"சாடையே வேணாம்" என்றாள். "இனி எல்லாம் ஸ்பீடுதான். நீ கையுறையை எங்க வைக்கிறியோ அங்க போடுறேன்."

"அண்ணி, ரெண்டு தடவை போட்டா மூணாவது அவளுக்குத் தெரிஞ்சிடும்."

"தெரியட்டும். தெரிஞ்சா மட்டும் போதுமா? அடிக்கணுமில்ல."

"பாய்லரண்ணன் தாண்டிக் குதிப்பாரு."

"குதிக்கட்டும். வெயிலுக்கு நல்லது."

முதல் வேகப்பந்தை நாத்தனார் கண்டக்டரம்மாவின் உடம்போடு ஒட்டின மாதிரிக் கேட்டாள். ரயிலு அங்கேயே விட்டாள். மட்டையின் கைப்பிடியில் பட்டுப் பந்து பின்னால் தெறித்தது. கண்டக்டரம்மா கையை உதறினாள். இரண்டாவது ஸ்ட்ரைக்.

"ஏம்மா! என்ன பண்ற?" ஓரத்திலிருந்து பாய்லர்காரரின் சத்தம் வந்தது. ரயிலு அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அடுத்தது வெளியே, உயரத்தில். கண்டக்டரம்மா விட்டுவிட்டாள். பால். அதற்கடுத்தது தாழ்வாக, தூர ஓரத்தில். மட்டை நுனியில் உரசிக் கோட்டுக்கு வெளியே போயிற்று. இரண்டு ஸ்ட்ரைக் ஆன பிறகு அப்படிப் போனால் கணக்கில் எதுவும் ஏறாது. தொடர்ந்து மூன்று வேகப்பந்து வந்துவிட்டது. கண்டக்டரம்மாவுக்கு இப்போது யாரும் தொப்பியைத் தொட்டுக் காட்டத் தேவையில்லை. அவள் மட்டையை ஒரு விரற்கடை மேலே பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"வண்டி ஒரே ரூட்லதான் ஓடுது போல!"

ரயிலின் தோளில் ஊசி குத்த ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒன்று போடலாம். அதற்கு மேல் அந்த வேகம் வராது என்று அவளுக்கே தெரிந்தது. நாத்தனார் தாழ்வாக, தூர ஓரத்தில் கையுறையை வைத்தாள். ரயிலு மூச்சை இழுத்துப் பிடித்தாள். கை பின்னால் போய், மேலே ஏறி, கீழே இறங்கியது. விடும்போதே தெரிந்துவிட்டது, இடம் தப்பிவிட்டது. பந்து தாழ்வாகப் போகவில்லை. நடுவில், நெஞ்சு உயரத்தில் போயிற்று.

கண்டக்டரம்மாவுக்கு அது கண்ணுக்கு நேராக வந்த பெரிய வாய்ப்பு. முழு பலத்தோடு வீசினாள். பந்தின் அடிவயிற்றில் மட்டை பட்டது. பந்து முன்னால் போகவில்லை. நெட்டுக்குத்தாக வானத்துக்குப் போயிற்று. சிட்டு ஓடி வந்துகொண்டிருந்தாள். நாத்தனார் கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, தலையை அண்ணாந்து, "என்னுது, என்னுது, யாரும் வராதீங்க" என்று அலறிக்கொண்டே வெயிலுக்குள் கண்ணைச் சுருக்கி நின்றாள். பந்து இறங்கி அவள் கையுறைக்குள் விழுந்தது. மூன்றாவது அவுட். ஆட்டம் முடிந்தது.

கூச்சல் அடங்கியதும் பாய்லர்காரர் வந்தார். சிரிப்பதா திட்டுவதா என்று அவருக்கே தீர்மானம் இல்லை.

"சொல் பேச்சு கேக்க மாட்ட. சரி விடு. கடைசிப் பந்தை மேல தூக்கிப் போட்ட பாரு, அது மூளை. அவ கீழதானே எதிர்பார்த்தா!"

ரயிலு நினைத்தால் தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"கீழதாண்ணே போட்டேன். மேல போயிடுச்சு."

நாத்தனார் அவள் இடுப்பில் இடித்தாள். பாய்லர்காரர் அவள் பிடித்திருந்த தோளைப் பார்த்தார்.

"அப்ப அடுத்த சீசன் முதல் பேஸ்ல நிப்பியா?"

"மாட்டேன். டிப்போ என்னைச் சாத்தினா நிக்கிறதாத்தானே பேச்சு? சாத்தலையே."

"தோள் போயிடும்மா. ஏழு இன்னிங்ஸ் உன்னால முடியாது. முகத்துலயே எழுதியிருக்கு."

"ஏழு முடியாது" என்று ரயிலு ஒத்துக்கொண்டாள். "அஞ்சு முடியும்."

"மூணு."

"நீங்க என்ன காய்கறியா வாங்குறீங்க? இதைக் கேளுங்க. என் ஸ்பீடு முன்ன மாதிரி இல்ல, சரி. எதிராளிங்க கண்ணு என் ஸ்பீடுக்குப் பழகட்டும். பழகினப்புறம் அந்தத் தையல் பொண்ணை எறக்குங்க. அவ ஸ்பீடு அவங்களுக்கு வெடி மாதிரி இருக்கும். மொதல்லயே அவளை விட்டா ரெண்டு இன்னிங்ஸ்ல அவளுக்குப் பழகிக்குவாங்க. அப்புறம் நான் வந்தா எனக்குத்தான் அடி. நான் முன்னாடி, அவ பின்னாடி. ஸ்பீடைப் பூட்டி வைக்கச் சொல்லாதீங்க. அதைப் பூட்டினா மத்தது ரெண்டும் செத்துடுது."

பாய்லர்காரர் தாடையைச் சொறிந்தார். தையல் பிரிவுப் பெண் தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் நின்று இதையெல்லாம் கேட்டும் கேட்காத மாதிரித் துண்டை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நாலு" என்றார் அவர். "நாலு உனக்கு, மூணு அவளுக்கு. ஸ்பீடு உன் இஷ்டம்."

"ஆரம்பிக்கிறது நான்தான்."

"நீதான், போ."

ரயிலு சரி என்றாள். சொல்லிவிட்டுத் துணி மாற்றும் அறைக்கு நடக்கும்போது அந்தக் கடைசி மூன்று இன்னிங்ஸ் அவளை உறுத்திக்கொண்டுதான் இருந்தது. ஆட்டம் முடிகிற நேரத்தில் இனி வட்டத்துக்குள் அவள் இருக்க மாட்டாள். இன்றைக்குப் போல ஒரு கடைசிப் பந்து இனி அவளுக்குக் கிடையாது. பின்னால் வந்த நாத்தனார் பனிக்கட்டியைத் துணியில் சுற்றி அவள் தோளில் வைத்து அழுத்தினாள்.

"வலிக்குதா அண்ணி?"

"வலிக்குது. மூணுன்னுதானே ஆரம்பிச்சாரு" என்றாள் ரயிலு. "இன்னும் கொஞ்சம் இழுத்திருந்தா அஞ்சுக்கு வந்திருப்பாரு. அவசரப்பட்டுட்டேன்."